ஈஈஜி எடுக்கும்போது கண்ணை அசைக்கலாமா?

தலையில் மின்முனைகள் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி முறை பற்றி, உயிர்மருத்துவப் பொறியியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாசிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று ஈஈஜியில் பார்க்க ஆசை. ஆனால் ஈஈஜி எடுக்கும்போது கண்ணை அசைக்கவே கூடாது, பதிவு கெட்டுவிடும் என்கிறார் என் வழிகாட்டி. கண்ணை அசைக்காமல் எப்படி வாசிப்பது? கண் அசைவையும் சேர்த்தே பதிவு செய்ய முடியாதா? எங்கிருந்து தொடங்குவது?"

முடியும். அசைக்கலாம். ஆனால் கண் எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் அசைந்தது என்பது மில்லிவிநாடிக் கணக்கில் உங்கள் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் வழிகாட்டி சொல்வதுதான் சரி. அது இருந்தால், இதுவரை தொந்தரவு என்று ஒதுக்கிவைத்த அதே கண் அசைவு, மூளை எந்த நொடியில் எதைப் பார்த்தது என்று சொல்லும் கடிகாரமாக மாறிவிடும். பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். இதில் என்னை இன்னும் பிடித்து வைத்திருப்பது இந்த ஒரு விஷயம்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தடை எதற்காக என்று புரிந்துகொள்ளுங்கள். கண் ஒரு சின்ன பேட்டரி. முன்பக்கம் இருக்கும் கருவிழிப் படலம் நேர்மின்னாகவும், பின்னால் இருக்கும் விழித்திரை எதிர்மின்னாகவும் இருக்கும். இந்த மின்னழுத்தத்தை 1849லேயே டு புவா-ரேமோன் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் மீனின் கண்ணில் அளந்திருக்கிறார். விழி சுழலும்போது இந்த பேட்டரியும் சேர்ந்து சுழல்கிறது. வலது பக்கம் பார்த்தால் வலது நெற்றிப்பொட்டில் மின்னழுத்தம் ஏறும், இடது பக்கம் இறங்கும். கண்ணோரம் வைத்த மின்முனைகளில் ஒரு பாகை அசைவுக்குச் சுமார் 15 முதல் 20 மைக்ரோவோல்ட் வரை தெரியும். ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குத் திரும்பும்போது கண் 15 பாகை தாவினால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 200, 300 மைக்ரோவோல்ட் வந்துவிடும். சொல்லின் பொருள் புரிவதற்கு மூளை தரும் மறுமொழியோ சில மைக்ரோவோல்ட்தான். பட்டாசு வெடிக்கும் தெருவில் நின்று ரகசியம் கேட்பது போன்ற நிலைமை.

இது தவிர இமைப்பு. இமைக்கும்போது பதிவில் வரும் பெரிய மேடு, விழி உருளுவதால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி அப்படியல்ல. நேர்மின்னுள்ள கருவிழிப் படலத்தின் மேல் ஈரமான இமை இறங்கி, அந்த மின்னழுத்தத்தை நெற்றிக்குக் கடத்திவிடுகிறது. மூன்றாவதாக, ஒவ்வொரு தாவலும் தொடங்கும் கணத்தில் விழித்தசைகள் சுருங்குவதால் ஒரு கூர்மையான முள் போன்ற அலை வரும். பார்க்கச் சிறியது, சில மில்லிவிநாடிதான் நீடிக்கும். ஆனால் இந்த முள் ஒரு காலத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சிப் போக்கையே திசைமாற்றிவிட்டது. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

இந்தத் தொல்லைகளைத் தவிர்க்கத்தான் ஆய்வாளர்கள் திரையின் நடுவில் ஒரு கூட்டல் குறி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். வாசிப்பு ஆராய்ச்சியில் சொற்களை ஒவ்வொன்றாக அதே இடத்தில் காட்டினார்கள். இந்த முறையைக் குறைத்துப் பேச மாட்டேன். 1980ல் சான் டியேகோவில் மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் இப்படிச் சொல் சொல்லாகக் காட்டித்தான் என்400 என்ற அலையைக் கண்டுபிடித்தார்கள். வாக்கியத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத சொல் வந்தால், அது திரையில் தோன்றிய 400 மில்லிவிநாடி வாக்கில் எதிர்மின் பக்கமாக ஓர் அலை பெரிதாகிறது. மூளை பொருளைத் தேடும் வேலையை மின்னலையில் காண முடியும் என்று காட்டிய ஆய்வு அது. இன்றும் மொழி ஆராய்ச்சியின் அடித்தளம்.

ஆனால் நாம் அப்படியா வாசிக்கிறோம்? 1870களின் இறுதியில் பாரிஸில் எமில் ழவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் கவனித்த உண்மை இது: கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒரு தாவல் 20 முதல் 40 மில்லிவிநாடி. அப்புறம் ஓரிடத்தில் 200 முதல் 250 மில்லிவிநாடி ஊன்றி நிற்கும். பிறகு மறுபடி தாவல். ஒரு விநாடிக்கு மூன்று, நான்கு முறை. தாவும் நேரத்தில் நாம் கிட்டத்தட்ட எதையும் பார்ப்பதில்லை, ஊன்றும்போதுதான் பார்க்கிறோம். இந்த ஊன்றலுக்குள்ளேயே அடுத்த சொல்லின் ஓரமும் மங்கலாகத் தெரிந்துவிடுகிறது. சின்னச் சொற்களைக் கண் மிதிக்காமலே தாண்டிவிடும். புரியாவிட்டால் பின்னால் ஓடி வரும். திரையில் சொல் சொல்லாகக் காட்டும்போது இவை எல்லாமே போய்விடுகின்றன. வேகத்தை முடிவு செய்வது வாசகர் அல்ல, கணினி. முன்னோட்டம் இல்லை, பின்திரும்பல் இல்லை. வாசிப்பின் உயிரே வாசகர் எப்போது நகர்வது என்று தானே முடிவெடுப்பதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கண் அசைவையும் மூளை அலையையும் ஒன்றாகப் பார்ப்பது புதிதும் அல்ல. ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனியின் யேனா நகரில் 1924ல் முதல் மனித ஈஈஜியைப் பதிவு செய்து, 1929ல் வெளியிட்டார். கால் நூற்றாண்டு கழித்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் நத்தானியேல் கிளைட்மனிடம் ஆய்வு மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, தூங்குகிறவர்களின் ஈஈஜியோடு கண் அசைவையும் சேர்த்துப் பதிவு செய்தார். தன் சின்ன மகனையே படுக்கவைத்துப் பார்த்தார். நள்ளிரவில் பேனா முனைகள் திடீரென்று படபடவென்று ஆடின. இயந்திரக் கோளாறு என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார். கோளாறு இல்லை, மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசைந்தன, அதே நேரத்தில் மூளை அலைகள் விழித்திருப்பவருடையதைப் போல இருந்தன. 1953ல் வெளியான அந்த ஆய்வுதான் கனவு நிறைந்த ரெம் தூக்கத்தை உலகுக்குக் காட்டியது. இரண்டு பதிவுகளில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் அது பிடிபட்டிருக்காது. இன்றைக்கும் எந்தத் தூக்க ஆய்வகத்துக்குப் போனாலும் தலையில் ஈஈஜி, கண்ணோரத்தில் மின்முனை, தாடையில் தசைப் பதிவு மூன்றையும் சேர்த்தே ஒட்டுவார்கள்.

அந்த வழியில் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் உண்டு. தான் கனவு காண்கிறோம் என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். 1975ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், அப்படிப்பட்ட ஒருவரிடம், "கனவுக்குள் விழித்துக்கொண்டதும் கண்ணை இடம் வலமாக அசையுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். உடல் செயலற்றுக் கிடக்கும் ரெம் தூக்கத்திலும் கண் தசை இயங்கும் அல்லவா? பதிவுத்தாளில் அந்த இடம் வலம் கோடு தெளிவாக வந்தது. 2021ல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து, தூங்குகிறவரிடம் எளிய கணக்குக் கேட்டு, கண் அசைவால் பதில் பெற்ற ஆய்வை வெளியிட்டன. எட்டிலிருந்து ஆறைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்டதற்கு இடம் வலமாக இரண்டு முறை கண் அசைந்தது. அவர் அப்போது தூங்கிக்கொண்டுதான் இருந்தார் என்பதற்கு ஈஈஜி சாட்சி. கண் அசைவு வெறும் குப்பை என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு அசைவுகள்தான் ஞாபகம் வரும்.

சரி, வாசிப்புக்கு வருவோம்.

வழக்கமான ஈஈஜி ஆய்வில் படம் திரையில் தோன்றும் கணம்தான் நேரம் பூஜ்யம். அங்கிருந்து நூற்றுக்கணக்கான தடவை பதிவை வெட்டி எடுத்துச் சராசரி எடுப்போம். கண் அசைவோடு சேர்த்துச் செய்யும்போது, கண் ஒரு சொல்லின் மேல் வந்து ஊன்றும் கணத்தை நேரம் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறோம். இப்படிக் கிடைக்கும் அலையை ஊன்றல்சார் மின்னழுத்தம் என்று சொல்லலாம். ஆய்வகத்தில் எஃப்ஆர்பி என்றுதான் பேசிக்கொள்வோம். எப்போது என்ன பார்ப்பது என்பதை வாசகரே தீர்மானிக்கிறார்; நாம் அவரைப் பின்தொடர்கிறோம்.

கண் ஊன்றிய 100 மில்லிவிநாடிக்குள் தலையின் பின்புறம், பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியான பார்வைப் புறணியின் மேல், ஒரு நேர்மின் மேடு வரும். லாம்டா அலை என்று 1950களிலேயே பெயர் பெற்றது. வெளிச்சமான அறையில் கண்ணைத் திறந்து எதையாவது ஆர்வமாகப் பார்க்கிறவர்களின் ஈஈஜியில் மருத்துவர்களும் இதைப் பார்ப்பார்கள். புதுக் காட்சி மூளைக்கு வந்து சேர்ந்ததற்கான முத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்லினிலும் பொட்ஸ்டாமிலும் இருந்த ஒலாஃப் டிமிகன், வெர்னர் சோமர், ரைன்ஹோல்ட் கிளீகல் முதலானோர் 2011ல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணமாக இடமிருந்து வலம் கண்ணை ஓட்டி வாக்கியங்களை வாசிக்கும்போதும் என்400 விளைவு வருகிறது என்று காட்டினார்கள். எளிதில் ஊகிக்க முடியாத சொல்லுக்கு அலை பெரிது, ஊகிக்கக்கூடியதற்குச் சிறிது. கூட்டல் குறியையே பார்த்துக்கொண்டிருந்த காலத்துக் கண்டுபிடிப்பு, இயல்பான வாசிப்பிலும் நின்றது.

இங்கே ஒரு புதிர் எழுகிறது, உங்கள் ஆய்வுக்கே இது கருவாகலாம். ஒரு சொல்லில் கண் ஊன்றி நிற்பது 250 மில்லிவிநாடி. என்400 உச்சத்துக்கு வருவது 400 வாக்கில். அதாவது ஒரு சொல்லின் பொருளுக்கான அலை உச்சம் தொடும்போது கண் ஏற்கனவே அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது! அடுத்த தாவலைத் திட்டமிடவே நூறு மில்லிவிநாடிக்கு மேல் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், "நகரலாம்" என்ற முடிவு என்400க்கு வெகு முன்னாலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் கண்ணை நகர்த்துவது எது? சொல் பழகியதா என்ற ஆரம்பக் கணிப்பா, முன்பே ஓரக்கண்ணில் கிடைத்த தகவலா? இந்தக் கேள்வியை ஈஈஜி தனியாகவும் கேட்க முடியாது, கண் அசைவைக் கேமராவால் அளக்கும் ஐ-டிராக்கர் தனியாகவும் கேட்க முடியாது.

ஓரக்கண் என்று சொன்னேன். ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு ஊன்றிய இடத்திலிருந்து வலப்பக்கம் 14, 15 எழுத்து தூரம் வரை பயனுள்ள தகவல் கிடைக்கிறது, இடப்பக்கம் மூன்று, நான்கு எழுத்துதான். ஹீப்ரூவில் வலமிருந்து இடமாக வாசிப்பதால் இது அப்படியே திரும்பிவிடுகிறது. அடுத்த சொல்லை ஓரக்கண்ணில் சரியாகப் பார்க்க முடிந்தால், கண் அதில் வந்து ஊன்றியதும் 200 மில்லிவிநாடிக்குப் பிறகு வரும் எதிர்மின் அலை சிறிதாகிறது என்பதையும் டிமிகன் குழுவினர் 2012ல் காட்டியிருக்கிறார்கள். பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

இப்போது அந்த முள் அலையின் கதை. 1990களில் ஒரு பெரிய நம்பிக்கை உருவானது. ஒரு பொருளின் நிறம், வடிவம், விளிம்பு எல்லாவற்றையும் மூளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டும்போது 30 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட காமா அலை எழுகிறது என்பது. படம் காட்டி 200 முதல் 300 மில்லிவிநாடிக்குள், ஈஈஜியில், காமா ஆற்றல் அகலமாக ஏறியது. அர்த்தமுள்ள படத்துக்கு அதிகம், அர்த்தமற்றதற்குக் குறைவு. கோட்பாட்டுக்கு அவ்வளவு பொருத்தம். ஏராளமான கட்டுரைகள் வந்தன. 2008ல் ஜெருசலேமின் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷ்லோமித் யுவல்-கிரீன்பெர்க், லியோன் டுவெல் முதலானோர் எளிய காரியம் ஒன்றைச் செய்தார்கள். ஈஈஜியோடு நல்ல ஐ-டிராக்கரையும் வைத்தார்கள்.

கூட்டல் குறியை எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் கண் முழுக்க நிற்பதில்லை. விநாடிக்கு ஒன்றிரண்டு முறை, ஒரு பாகைக்கும் குறைவாக, நமக்கே தெரியாமல் குட்டித் தாவல்கள் நடக்கும். படம் தோன்றியதும் இந்தக் குட்டித் தாவல்கள் கொஞ்ச நேரம் அடங்கி, 200, 300 மில்லிவிநாடி வாக்கில் திரும்ப அதிகமாகும். ஒவ்வொரு தாவலும் தன் தசை முள்ளைக் கொண்டுவரும். கூரான முள் என்றால் அதில் உயர் அதிர்வெண் எல்லாம் கலந்திருக்கும். ஆக, பொருளைக் கட்டும் மூளையின் சமிக்ஞை என்று கொண்டாடப்பட்ட அந்த அகலமான காமா ஏற்றம், கண் தசையின் வேலை என்று அவர்கள் தடயத்தோடு காட்டினார்கள். படத்துக்குப் படம் குட்டித் தாவல்களின் எண்ணிக்கை மாறியதால்தான் காமாவும் மாறியது.

மூளைக்குள் நேரடியாக மின்முனை வைத்து அளக்கும் காமாவை இது பொய்யாக்கவில்லை. அதைக் கவனமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆனால் தலைக்கு மேல் எடுத்த அந்தக் குறிப்பிட்ட சமிக்ஞையை நம்பி எழுதிய பலர் தங்கள் பதிவுகளைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே டிமிகனும் சகாக்களும், இந்தக் குட்டித் தாவல்கள் தசை முள்ளோடு நிற்பதில்லை, பார்வைப் புறணியிலும் உண்மையான மறுமொழியைக் கிளப்புகின்றன என்று காட்டினார்கள். உங்கள் வழிகாட்டிக்கு நீங்கள் மரியாதையோடு சொல்ல வேண்டிய பதில் இதுதான்: கண்ணை அசைக்காதே என்று சொல்வதால் மட்டும் கண் அசையாமல் இருப்பதில்லை. அளக்காமல் விட்ட அசைவைவிட அளந்த அசைவு பாதுகாப்பானது.

அளந்தால் போதுமா என்றால், போதாது. இரண்டு சிக்கல் மீதமிருக்கும்.

முதல் சிக்கல், பேட்டரியும் இமையும் தசையும் கலந்த அழுக்கைப் பிரிப்பது. இதற்கு ஐசிஏ என்ற கணிப்பு முறையைப் பயன்படுத்துகிறோம். பல மின்முனைகளில் கலந்து பதிவான சமிக்ஞைகளை அவற்றின் மூலங்களாகப் பிரிக்கும் முறை. சாதாரண ஆய்வுக்குப் பயன்படுத்தும் அதே அமைப்பில் வாசிப்புப் பதிவைப் போட்டால் சரியாக வராது. டிமிகன் 2020ல் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார். ஐசிஏவைப் பழக்குவதற்கென்று பதிவின் ஒரு நகலை எடுத்துக்கொண்டு, அதில் 2 ஹெர்ட்ஸ் வாக்கிலோ சற்று மேலேயோ கீழ்வெட்டு வையுங்கள், அதாவது அதற்குக் கீழுள்ள மெதுவான அலைகளை வடிகட்டிவிடுங்கள். உயர் அதிர்வெண்ணை வெட்டிவிடாதீர்கள், முள் அங்கேதான் இருக்கிறது. தாவல் தொடங்கும் துண்டுகளைத் திரும்பத் திரும்பச் சேர்த்து முள்ளின் எடையைக் கூட்டுங்கள். பிரித்து முடித்ததும், எந்தக் கூறு கண்ணுடையது என்று கண்ணால் பார்த்து ஊகிக்காமல், தாவல் நேரத்தில் அதன் அலைவு ஊன்றல் நேரத்தைவிட எவ்வளவு அதிகம் என்று ஐ-டிராக்கர் தரவை வைத்தே முடிவு செய்யுங்கள். இந்த அளவுகோலை 2012ல் ப்ளோக்ல், ஒஸாண்டோன், கோனிக் ஆகியோர் முன்வைத்தார்கள். நல்ல அளவுகோல், நான் தவறாமல் பயன்படுத்துவது.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. கோயில் மணியை ஒரு முறை அடித்தால் அதன் ரீங்காரம் அடங்கச் சில விநாடி ஆகும். அது அடங்கும் முன்பே அடுத்த அடி விழுந்தால் நம் காதில் விழுவது இரண்டும் சேர்ந்த ஒலி. ஒவ்வோர் ஊன்றலும் மூளையில் அரை விநாடிக்கு மேல் நீடிக்கும் மறுமொழியை எழுப்புகிறது. ஆனால் கால் விநாடிக்கு ஒரு முறை அடுத்த ஊன்றல் வந்துவிடுகிறது. எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று. இதில் ஆபத்து எங்கே? கடினமான சொல்லில் கண் 280 மில்லிவிநாடி நிற்கிறது, எளிய சொல்லில் 220 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊன்றலின் லாம்டா மேடு எளிய சொல்லுக்கு முன்னதாகவும் கடினமான சொல்லுக்குப் பிந்தியும் வரும். சராசரி எடுத்துக் கழித்தால் 350 மில்லிவிநாடிப் பக்கத்தில் அழகான ஒரு வித்தியாசம் தெரியும். பொருள் சார்ந்த விளைவு என்று எழுதிவிடுவோம். உண்மையில் அது அடுத்த சொல்லின் பார்வை மறுமொழி, இடம் மாறி நிற்கிறது.

நான் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்த ஒரு விளைவு, ஊன்றல் நேரங்களைச் சமப்படுத்திப் பார்த்த அன்று காணாமல் போனது. அதன் பிறகு ஊன்றல் நேரங்களின் பரவலைப் பார்க்காமல் எந்த அலையையும் நான் நம்புவதில்லை.

இதற்குத் தீர்வு உண்டு. மணி சீரான இடைவெளியில் அடித்தால் ஒரு அடியின் ஒலியைப் பிரிக்கவே முடியாது. இடைவெளி கூடியும் குறைந்தும் மாறிக்கொண்டே இருந்தால், போதுமான அடிகளைக் கேட்ட பிறகு, ஒரு தனி அடி எப்படி ஒலிக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். நம் அதிர்ஷ்டம், கண் சீராக அடிப்பதில்லை. இந்தக் கணக்கை நேரியல் பின்னோக்கு மாதிரியாக எழுதித் தீர்க்கும் 'அன்ஃபோல்ட்' என்ற இலவச மென்பொருளை பெனடிக்ட் எஹிங்கரும் டிமிகனும் 2019ல் வெளியிட்டார்கள். அதே மாதிரியில் தாவலின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டாயம் சேர்க்கவும் வேண்டும், ஏனென்றால் நீளமான தாவலுக்குப் பின் வரும் லாம்டா மேடு பெரிதாக இருக்கும், அதுவும் நேர்கோட்டு விகிதத்தில் அல்ல. வளைவாகப் பொருத்தும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஐ-டிராக்கர் விநாடிக்கு 500 முறையாவது அளப்பதாக இருந்தால் நல்லது. ஐலிங்க் போன்றவை 1000 முறை அளக்கும். மடிக்கணினி கேமரா விநாடிக்கு 30 படம் எடுக்கும், அதாவது 33 மில்லிவிநாடிக்கு ஒரு முறை. எங்கே பார்த்தார் என்று தோராயமாகச் சொல்ல அது உதவலாம், எஃப்ஆர்பிக்கு உதவாது. ஈஈஜிக்கு 64 மின்முனை இருந்தால் ஐசிஏ நிம்மதியாக வேலை செய்யும், 32ல் சமாளிக்கலாம்.

உண்மையில் ஆய்வைக் கவிழ்ப்பது கருவியின் விலை அல்ல, இரண்டு கடிகாரங்கள். ஈஈஜிக்கு ஒரு கடிகாரம், ஐ-டிராக்கருக்கு ஒரு கடிகாரம். தொடக்கத்தில் ஒத்துப்போனாலும் ஒரு மணி நேரத்தில் சில மில்லிவிநாடிகள் விலகிவிடும். ஒரே ட்ரிகர் கேபிளை இரண்டாகப் பிரித்து இரண்டு கருவிக்கும் ஒரே துடிப்பை அனுப்புங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமல்ல, ஒவ்வொரு வாக்கியத்துக்கும். அப்புறம் ஒரு சோதனை இருக்கிறது, இதை யாரும் தவறவிடக் கூடாது: கண்ணோர மின்முனைகளின் வேறுபாடு ஒரு பக்கம், ஐ-டிராக்கர் தரும் கிடைமட்ட நிலை மறுபக்கம். இரண்டும் ஒரே விழியின் அசைவுதான். ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்தி ஒப்புமை பார்த்தால் உச்சம் பூஜ்யத்தில் விழ வேண்டும். ஐந்து மில்லிவிநாடி தள்ளி விழுந்தால் அப்படியே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். ஈஈஜிலேப் என்ற ஈஈஜி பகுப்பாய்வு மென்பொருளுடன் சேர்ந்து ஓடும் 'ஐ-ஈஈஜி' என்ற நீட்சியில் இந்தச் சோதனை தயாராகவே இருக்கிறது.

நம் ஊரில் பதிவு எடுக்கிறவர்களுக்கென்று சில குறிப்புகள். பங்கேற்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், நன்றாக உலர்த்திவிட்டு வர வேண்டும். தேங்காய் எண்ணெய் இருந்தால் மின்தடை இறங்கவே இறங்காது, எவ்வளவு ஜெல் போட்டாலும். உச்சியில் இறுக்கிக் கட்டிய கொண்டை, பின்னல், பூ எதுவும் மின்முனைத் தொப்பிக்கு ஆகாது. கண்மை வேண்டாம், அகச்சிவப்புக் கேமரா கருமையான மைக்கோட்டைப் பாவை என்று நினைத்துக்கொள்ளும். நம் பழுப்புக் கண்கள் அகச்சிவப்பில் நல்ல வேறுபாடு காட்டும் என்பதால் மற்றபடி கண் பிடிப்பதில் பெரிய சிரமம் இருக்காது. தாடைத் தாங்கி போதும். நெற்றித் தாங்கியை அழுத்தமாக வைத்தால் முன்பக்க மின்முனைகள் நசுங்கி இரைச்சல் வரும். ஏசி இல்லாத அறையில் வியர்வையால் மெதுவான அலைகள் புகுந்து படுத்தும், அறையைக் குளிர்வித்துவிட்டே தொடங்குங்கள்.

தமிழ் வாசிப்பை எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், ஆங்கில ஆய்வின் வடிவத்தை அப்படியே எடுக்காதீர்கள். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' நமக்கு ஒரே சொல். கண் அதில் இரண்டு மூன்று முறை ஊன்றும். அப்போது எந்த ஊன்றல் நேரம் பூஜ்யம்? முதல் ஊன்றலில் வேர்ச்சொல் தெரிகிறது, வேற்றுமை உருபு கடைசியில்தான் வருகிறது. அடுத்து, 'கொ' என்ற எழுத்தில் கொம்பு மெய்க்கு இடப்பக்கம், கால் வலப்பக்கம், ஒலிப்பதோ மெய்க்குப் பின். எழுத்துகளை எண்ணுவதும் அகலத்தை அளப்பதும் தமிழில் ஒன்றாகாது, 'ஔ'வும் 'ர'வும் ஒரே இடத்தை அடைப்பதில்லை. சொல்லின் நீளத்தைத் திரையில் பாகைக் கணக்கில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு ஊகிக்கக்கூடியது என்பதற்கு, வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று வேறொரு குழுவிடம் எழுதச் சொல்லி நீங்களே திரட்டிக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் அதைச் செய்து, தரவையும் பொதுவில் வைத்தால் பின்னால் வருகிறவர்களுக்கு அதுவே பெரிய சொத்து.

எங்கிருந்து தொடங்குவது என்றால், பதிவுக்கு முன் பகுப்பாய்வைப் பழகிவிடுங்கள். சூரிச்சில் 2018ல் வெளியிட்ட ஸுகோ என்ற தரவுத்தொகுப்பு இலவசம்: 12 பேர் ஆங்கில வாக்கியங்களை இயல்பாக வாசித்தபோது எடுத்த 128 மின்முனை ஈஈஜியும் கண் அசைவும். அதில் ஒருவரின் பதிவை எடுத்துத் தாவல்களைக் கண்டுபிடித்து, ஐசிஏ ஓட்டி, அன்ஃபோல்டில் போட்டு, முழு வழியையும் ஒரு முறை நடந்து பாருங்கள். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

ஐ-டிராக்கர் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். இரண்டு கண்ணோரத்திலும், ஒரு கண்ணின் மேலும் கீழும் மின்முனை ஒட்டினால், எங்கே பார்த்தார் என்று துல்லியமாகத் தெரியாவிட்டாலும் எப்போது தாவினார் என்பது ஈஈஜியின் அதே கடிகாரத்தில் தெரிந்துவிடும். கடிகாரச் சிக்கலே இல்லை. நண்பர் ஒருவரை உட்காரவைத்து, திரையில் ஒரு தெருக்காட்சியைக் காட்டி, பத்து நிமிடம் இஷ்டப்படி பார்க்கச் சொல்லுங்கள். ஆயிரத்துக்கு மேல் தாவல்கள் கிடைக்கும். ஒவ்வொரு தாவலின் முடிவையும் நேரம் பூஜ்யமாக வைத்து, தலையின் பின்புற மின்முனைகளில் சராசரி எடுங்கள். 100 மில்லிவிநாடிக்குள் லாம்டா மேடு எழுந்து நிற்க வேண்டும். நின்றால் உங்கள் வழிகாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நிற்காவிட்டால் தாவலைக் கண்டுபிடிக்கும் நிரலில்தான் பிழை, அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.